சந்தா கட்டியவர்களின் சங்கம்: அமெரிக்க ஃபார்ம் பியூரோ, ஒரு நிகழ்வு ஆய்வு

உழவர்களுக்கு வேளாண்மை சொல்லிக்கொடுக்க அரசு ஓர் ஆளை அனுப்பும். ஆனால் அதற்கு முன் ஊரில் உழவர்கள் ஒரு சங்கம் அமைத்திருக்க வேண்டும். 1910-களில் அமெரிக்க மாநிலங்கள் பலவும் இந்த நிபந்தனையைச் சட்டமாகவே போட்டன. இத்தனை பேர் சேர வேண்டும், இவ்வளவு பணம் திரட்ட வேண்டும், அதன் பிறகுதான் அந்தக் கவுண்டிக்கு வேளாண் ஏஜென்ட் வருவார். கவுண்டி என்பது நம் மாவட்டத்தைப் போன்ற, பெரும்பாலும் அதைவிடச் சிறிய நிர்வாகப் பகுதி. இப்படி அமைந்த உழவர் கல்விச் சங்கங்களுக்கு ஃபார்ம் பியூரோ என்று பெயர்.

பத்து ஆண்டுகூட ஆகவில்லை, அவை ஒன்றுகூடி நாட்டின் மிகப் பலம் வாய்ந்த உழவர் அரசியல் அமைப்பாகிவிட்டன. அரசுச் சம்பளம் வாங்கும் ஏஜென்ட், ஒரு தனியார் அமைப்புக்கு ஆள் சேர்ப்பவராக மாறினார். அதைச் சரிசெய்யும் முதல் முயற்சி 1921-இல் நடந்தது. முழுதாகப் பிரிக்கும் ஆணை வர 1954 வரை ஆனது. உள்ளூர்ச் சங்கங்களைப் பொதுப்பணத்தால் வளர்க்க நினைக்கும் யாரும் இந்தக் கதையை நிதானமாகப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. நிபந்தனை நல்லதுதான். யாரைச் சங்கம் என்று கணக்கில் எடுப்பது, சங்கத்துக்கும் அலுவலருக்கும் நடுவில் கோடு எங்கே என்ற இரண்டையும் ஆரம்பத்திலேயே எழுதிவைக்காததுதான் பிழை.

டெரல் ஊர்ப் பருத்தி வயல்

19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் உழவர் கல்வி என்றால் பேச்சுக் கூட்டம்தான். குளிர்காலத்தில் வயலில் வேலை குறைந்திருக்கும்போது கல்லூரிப் பேராசிரியர்கள் ஊர் ஊராகப் போய் இரண்டு நாள், மூன்று நாள் கூட்டம் போட்டார்கள். மண், உரம், கறவை மாடு என்று எல்லாம் பேசினார்கள். கூட்டம் நன்றாகவே கூடியது. வயலில் மாற்றம்தான் குறைவு. கேட்டவர் வீட்டுக்குப் போய் அப்பா செய்தபடியே செய்தார். அவரையும் குறை சொல்ல முடியாது. பேசிவிட்டுப் போகிறவருக்கு விளைச்சல் பொய்த்தால் நட்டமில்லை.

இந்தச் சிக்கலைப் பிடித்தவர் சீமன் நாப். 1833-இல் பிறந்தவர். அயோவா வேளாண் கல்லூரியின் தலைவராக இருந்து, பிறகு லூயிசியானாவில் நெல் சாகுபடியைப் பரப்பி, எழுபதை நெருங்கும் வயதில் கூட்டரசு வேளாண் துறைக்காகத் தென்மாநிலங்களில் வேலை செய்துகொண்டிருந்தார். அரசே நிலம் எடுத்து மாதிரிப் பண்ணை நடத்திக் காட்டியதில் பலன் குறைவு என்று அவர் கண்டிருந்தார். அரசுக் காசில் யார் வேண்டுமானாலும் விளைவிக்கலாமே என்பது பார்க்க வந்தவர்களின் எண்ணம்.

1903 பிப்ரவரியில் டெக்சஸ் மாநிலத்தின் டெரல் ஊரில் ஒரு கூட்டம் நடந்தது. பருத்திக் காயைத் துளைக்கும் கூன்வண்டு 1892 வாக்கில் மெக்சிகோவிலிருந்து எல்லை தாண்டி வந்து, டெக்சஸ் பருத்தியைத் தின்றுகொண்டிருந்த காலம். கடன் கொடுத்த கடைக்காரர்களும் வங்கிக்காரர்களும் கலங்கிப்போயிருந்தார்கள். நாப் சொன்ன ஏற்பாடு இது: ஊர்க்காரர்களே ஓர் உழவரைத் தேர்ந்தெடுக்கட்டும். அவர் தன் சொந்த நிலத்தில், தன் சொந்தச் செலவில், சொல்லிக்கொடுக்கும் முறைப்படி விவசாயம் செய்யட்டும். நட்டம் வந்தால் ஈடுகட்ட ஊரே ஒரு நிதி திரட்டி வைக்கட்டும். வால்டர் போர்ட்டர் என்பவர் முன்வந்தார். 70 ஏக்கர் ஒதுக்கினார். ஊர் வணிகர்கள் 1,000 டாலர் ஈட்டு நிதி வைத்தார்கள்.

முறையில் மாயம் ஒன்றும் இல்லை. முன்கூட்டியே விதைப்பது, நல்ல விதை, அகலமான வரிசை இடைவெளி, அடிக்கடி இடைஉழவு, அறுவடை முடிந்ததும் பருத்தி மாரைப் பிடுங்கி அழிப்பது. வண்டு பெருகும் முன் காய் பிடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். பருவ முடிவில், பழைய முறையில் கிடைத்திருக்கக்கூடியதைவிட சுமார் 700 டாலர் கூடுதலாகக் கிடைத்ததாகப் போர்ட்டர் சொன்னார். ஈட்டு நிதியைத் தொட வேண்டிய தேவையே வரவில்லை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த 1,000 டாலர்தான். நிலம் உழவருடையது, உழைப்பு உழவருடையது, விளைந்தால் லாபமும் அவருக்கே. நட்டத்தை மட்டும் ஊர் ஏற்கிறது. உழவர் கல்விக்குப் பொது ஆதரவு என்பதற்கு இதைவிடச் சுத்தமான வடிவம் எனக்குத் தெரியாது. அக்கம்பக்கத்து உழவர்கள் பார்த்தது அரசுப் பண்ணையை அல்ல. தங்களைப் போன்ற ஒருவரின் வயலை.

அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் கூன்வண்டு ஒழிப்புக்குப் பணம் ஒதுக்கியது. நாப்புக்குக் கீழ் ஏஜென்ட்கள் வேலைக்கு வந்தார்கள். 1906 நவம்பரில் டெக்சஸின் ஸ்மித் கவுண்டிக்கென்று தனி ஏஜென்ட் ஒருவர் நியமிக்கப்பட்டார். அவருடைய சம்பளத்தின் பெரும்பகுதியை ஊர் வணிகர்கள்தான் திரட்டினார்கள். அதே மாதம் அலபாமாவின் டஸ்கிகி நிறுவனம் என்ற கறுப்பினக் கல்லூரியைச் சேர்ந்த தாமஸ் கேம்பல் முதல் கறுப்பின ஏஜென்ட் ஆனார். அங்கிருந்த வேளாண் அறிவியலாளர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் வடிவமைத்த ஒரு குதிரை வண்டியில் கலப்பை, விதை, வெண்ணெய் கடையும் கருவி எல்லாம் ஏற்றிக்கொண்டு உழவர்களின் வாசலுக்கே போனார். கூன்வண்டு எட்டாத மாநிலங்களில் இந்த வேலைக்கு எண்ணெய்ச் செல்வர் ராக்ஃபெல்லரின் பணத்தில் நடந்த பொதுக் கல்வி வாரியம் 1906 முதல் 1914 வரை ஒன்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது.

வர்த்தக சபையின் ஒரு பிரிவு

ஃபார்ம் பியூரோ அடிமட்டத்திலிருந்து உழவர்களே கட்டியெழுப்பிய அமைப்பு என்று பின்னாளில் அடிக்கடி சொல்லப்பட்டது. உண்மை அப்படி இல்லை. நியூயார்க் மாநிலத்தில் பிங்ஹாம்டன் என்ற நகரம். அதைச் சுற்றியிருந்த புரூம் கவுண்டியில் பண்ணைகள் நலிந்து வந்தன. நகர வர்த்தக சபைக்கு அது கவலை. கிராமத்தில் பணம் இல்லை என்றால் கடையில் வியாபாரம் இல்லை. அந்த வழியாக ஓடிய லாக்கவானா ரயில் நிறுவனத்துக்கும் அதே கவலை, ஏற்ற சரக்கு வேண்டுமே. இந்த இரண்டும் கூட்டரசு வேளாண் துறையோடு சேர்ந்து, 1911 மார்ச்சில் ஜான் பாரன் என்ற கார்னெல் பல்கலைக்கழகப் பட்டதாரியை ஏஜென்டாக அமர்த்தின. அவருடைய அலுவலகம் வர்த்தக சபையின் பண்ணைப் பிரிவாகத்தான் தொடங்கியது.

உழவர்கள் சந்தேகப்பட்டார்கள். வணிகர்கள் சம்பளம் கொடுத்து அனுப்பும் ஆள் உழவருக்கு என்ன நல்லது சொல்லப்போகிறார்? அதிகம் விளைவிக்கச் சொல்வார், விலை விழும், மலிவாக வாங்கப்போவது அதே வணிகர்கள்தான். ‘உற்பத்தியைக் கூட்டு’ என்று சொல்லும் ஒவ்வொரு விரிவாக்க அலுவலரும் (உழவர்களுக்கு வேளாண்மை சொல்லிக்கொடுக்கும் அலுவலர்) இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். அன்று யாரிடமும் நேரான பதில் இல்லை.

இந்தச் சந்தேகத்துக்குக் கிடைத்த தீர்வுதான் சங்கம். ஓரிரு ஆண்டுகளில் புரூம் கவுண்டி உழவர்கள் தாங்களே சந்தா கட்டி ஓர் அமைப்பு உருவாக்கினார்கள். ஏஜென்ட் வர்த்தக சபையின் கையிலிருந்து அந்த அமைப்பின் கைக்கு மாறினார். உழவர்களின் நம்பிக்கையும் அப்புறம்தான் வந்தது. உள்ளூர்ச் சங்கம் வேண்டும் என்ற நிபந்தனைக்குப் பின்னால் இருந்த நல்ல காரணம் இது: யார் ஏஜென்டை நடத்துகிறார்களோ அவர்கள் சொல்வதைத்தான் ஏஜென்ட் கேட்பார், ஆகவே உழவர்கள் நடத்தட்டும்.

இல்லினாய்ஸ் மாநிலத்தின் டீகால்ப் கவுண்டியில் 1912-இல் மண் மேம்பாட்டுச் சங்கம் ஒன்று தொடங்கியது. உழவர்களோடு வங்கிக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் சேர்ந்திருந்தார்கள். வருடக்கணக்கில் மக்காச்சோளம் போட்டுப் போட்டு மண் புளித்து, அதாவது அமிலமாகிப் போயிருந்தது. சுண்ணாம்புக்கல் தூள் போட வேண்டும், குளோவர் போன்ற தீவனப் பயிரை இடையில் சுழற்ற வேண்டும் என்பது ஏஜென்டின் பாடம். பாடம் சரி, ஆனால் நல்ல குளோவர் விதை எங்கே கிடைக்கும்? கடையில் விற்ற விதை நம்பும்படி இல்லை. எனவே சங்கமே விதை வாங்கிக் கொடுக்கத் தொடங்கியது. கல்விச் சங்கம் வியாபாரத்துக்குள் நுழைவது எப்போதும் இப்படித்தான். பேராசையால் அல்ல, சொல்லிக்கொடுத்ததைச் செய்யப் பொருள் இல்லாததால்.

டீகால்பில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். வியாபாரம் பெருகியதும் 1917-இல் விதைக்கென்று தனி அமைப்பைத் தொடங்கினார்கள். அது வளர்ந்து வீரிய ஒட்டு மக்காச்சோள விதை நிறுவனமாகி, 1998-இல் மான்சாண்டோ என்ற பெரிய விதை நிறுவனத்தின் கைக்குப் போய், இப்போது பேயர் நிறுவனத்திடம் இருக்கிறது. பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் போடுகிறவர்கள் சிறகு முளைத்த கதிர் படம் போட்ட டீகால்ப் பையைப் பார்த்திருப்பார்கள். அந்தப் பெயர் ஓர் உழவர் கல்விச் சங்கத்திலிருந்து கிளைத்தது.

ஒரு சட்டமும் அதன் ஒரு வாக்கியமும்

1912-இல் சியர்ஸ் நிறுவனத்தின் ஜூலியஸ் ரோசன்வால்ட், ஏஜென்ட் வைக்கும் முதல் 100 கவுண்டிகளுக்குத் தலா 1,000 டாலர் தருவதாக அறிவித்தார். ரயில் நிறுவனங்கள், வங்கிகள், தானியச் சந்தைகள் எல்லாம் பணம் போட்டுக்கொண்டிருந்தன. இதைப் பொதுப்பணத்தில் நிலையான ஏற்பாடாக மாற்றியது 1914 மே 8 அன்று அதிபர் உட்ரோ வில்சன் கையெழுத்திட்ட ஸ்மித்-லீவர் சட்டம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுக்கு 10,000 டாலர் நிபந்தனையில்லாமல் கிடைக்கும். அதற்கு மேல் முதலில் 6 லட்சம் டாலர், பின் ஏழு ஆண்டுகள் ஆண்டுக்கு 5 லட்சம் கூடி 41 லட்சம் வரை. இது கிராமப்புற மக்கள்தொகைப்படி பிரிக்கப்படும். இந்தக் கூடுதல் பணத்தைப் பெற, மாநிலம் அதே அளவு பணத்தைத் தன் பக்கத்திலிருந்து காட்ட வேண்டும்.

அந்தப் பங்குப் பணம் எங்கிருந்து வரலாம் என்று சட்டம் ஒரு பட்டியல் கொடுத்தது: மாநில அரசு, கல்லூரி, கவுண்டி, உள்ளாட்சி அமைப்பு, அல்லது மாநிலத்துக்குள் தனிநபர்கள் தரும் நன்கொடை. கடைசியாகச் சொன்ன தனிநபர் நன்கொடையில்தான் கதை திரும்பியது. தனியார் சந்தாவும் அரசுப் பணமும் ஒரே ஏஜென்டின் சம்பளத்தில் சட்டப்படியே கலந்தன. நிறைய மாநிலங்கள் இதைப் பிடித்துக்கொண்டு, சங்கம் இருந்தால்தான் ஏஜென்ட் என்று சட்டம் போட்டன.

முதல் உலகப் போர் வந்தது. உணவு உற்பத்தியைக் கூட்ட 1917-இல் அவசரநிதி பாய்ந்தது. ஏஜென்ட்களின் எண்ணிக்கை திடீரென எகிற, ஏஜென்ட் இருந்த இடமெல்லாம் சங்கமும் முளைத்தது. அரசு ஊழியரே ஊர் ஊராகப் போய்ச் சங்கம் அமைத்து ஆள் சேர்த்தார். உழவர்கள் சங்கம் அமைத்து ஏஜென்டைக் கேட்பது என்ற வரிசை, பல இடங்களில் தலைகீழானது.

நல்ல முறையில் நடந்த இடங்களில் வேலை உண்மையிலேயே நன்றாக நடந்தது. அதைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. ஒவ்வொரு ஊர்ப்பகுதிக்கும் ஒரு குழு. குழு கூடி, தங்கள் பகுதியின் முதன்மைச் சிக்கல் எது என்று முடிவு செய்யும். ஓர் இடத்தில் புளித்த மண், இன்னோர் இடத்தில் பன்றிக் காலரா, வேறோர் இடத்தில் விதை உருளைக்கிழங்கு. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் உழவர் பொறுப்பு. ஏஜென்ட் ஆண்டுத் திட்டத்தை மேலிடத்திலிருந்து கொண்டுவரவில்லை. குழுக்கள் சொன்னதிலிருந்து எழுதினார்.

இதற்குப் பக்கத்திலேயே நடந்த பால் பதிவுச் சங்கங்களையும் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் 1895-இல் பிறந்த யோசனை; அமெரிக்காவில் 1905 வாக்கில் மிச்சிகனின் நியூவேகோ கவுண்டியில் தொடங்கியது. சுமார் 26 பண்ணைக்காரர்கள் சேர்ந்து ஒரு பரிசோதகரை வேலைக்கு வைப்பார்கள். 26 ஏன் என்றால் மாதத்தில் ஞாயிறு போக அவ்வளவு நாள்தான். பரிசோதகர் நாளுக்கு ஒரு பண்ணை. மாலையில் வந்து ஒவ்வொரு மாட்டின் பாலையும் நிறுப்பார், மாதிரி எடுப்பார், இரவு அங்கேயே தங்குவார், காலைக் கறவையையும் நிறுப்பார். பேப்காக் சோதனை போட்டுக் கொழுப்பு பார்ப்பார். தீவனச் செலவையும் குறித்துக்கொள்வார். ஆண்டு முடிவில் எந்த மாடு தின்றதற்குப் பால் கொடுத்தது, எது வெறுமனே தின்றது என்று பண்ணைக்காரருக்குத் தெரிந்துவிடும். அழகாக இருக்கிறது என்று வைத்திருந்த மாட்டை விற்றார்கள். ஒரு சொற்பொழிவுகூட இல்லாமல் நடந்த கல்வி அது. சங்கத்தின் வேலையும் அதன் எல்லையும் சந்தா கட்டிய எல்லாருக்கும் தெளிவாகத் தெரிந்திருந்தது.

சங்கம் சம்மேளனமானது

கவுண்டி சங்கங்கள் மாநில அளவில் கூட்டமைப்புகள் ஆயின. 1919-இல் முதலில் நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்காவிலும் பின் நவம்பரில் சிகாகோவிலும் கூடி தேசியச் சம்மேளனம் அமைத்தார்கள். அயோவாவின் ஜேம்ஸ் ஹோவர்ட் முதல் தலைவர். கல்லூரி ஆட்கள் பலர் இது உழவர் கல்விக்கான அமைப்பாகவே இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். மத்திய மேற்கு மாநிலங்களின் தலைவர்கள் வேறு நினைத்தார்கள். அவர்களுக்கு விலை, ரயில் கட்டணம், இறைச்சி நிறுவனங்கள்தான் பிரச்சினை. போருக்குப் பின் 1920-இல் விளைபொருள் விலை சரிந்ததும் அவர்கள் பக்கமே காற்று அடித்தது. 1921 மே மாதம் வாஷிங்டனில் சம்மேளனத்தின் அலுவலகத்திலேயே செனட்டர்கள் சிலர் கூடி விவசாயிகள் அணியை அமைத்தார்கள். இறைச்சி நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் அதே ஆண்டில் வந்தது. கூட்டுறவுச் சங்கங்களை ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து காக்கும் கேப்பர்-வால்ஸ்டெட் சட்டம் 1922-இல் வந்தது.

இவை உழவர்களுக்கு நல்ல சட்டங்கள்தான். உழவர்கள் அரசியல் செய்யக் கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். செய்தே ஆக வேண்டும். கேள்வி வேறு. கிராஞ்ச், உழவர் ஒன்றியம் என்று ஏற்கெனவே வேறு உழவர் அமைப்புகள் இருந்தன. கிராஞ்ச் 1867-இல் பிறந்தது, உழவர் ஒன்றியம் 1902-இல். அவற்றுக்கு ஆள் சேர்க்க அரசு ஊழியர் கிடையாது. ஒரே ஓர் அமைப்புக்கு மட்டும் கவுண்டிதோறும் அரசுச் சம்பளத்தில் அமைப்பாளர் இருந்தார். உழவர் ஒன்றியத்தில் இருக்கும் ஒருவர் தன் வரிப்பணத்தில் வந்த ஏஜென்டைப் பார்க்கப் போட்டி அமைப்பின் அலுவலகத்துக்குள் போக வேண்டும். பொதுக் கல்வி அந்த வாசலில் நின்றுவிட்டது.

புகார்கள் குவிந்தன. 1921-இல் வேளாண் துறையின் ஆல்ஃபிரட் ட்ரூவும் ஹோவர்டும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். ஏஜென்ட் சந்தா வசூலிக்கக் கூடாது, ஆள் சேர்க்கும் இயக்கம் நடத்தக் கூடாது, சங்கப் பணத்தைக் கையாளக் கூடாது, சங்கத்தின் வணிகத்தை நடத்தக் கூடாது. உறுப்பினரோ இல்லையோ, எல்லா உழவருக்கும் உதவ வேண்டும்.

தாளில் எல்லாம் சரி. ஆனால் இல்லினாய்ஸ், அயோவா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் ஏஜென்டின் சம்பளத்தில் ஒரு பகுதி சங்கத்திலிருந்தே வந்துகொண்டிருந்தது. அலுவலகம் சங்கத்தின் கட்டடத்தில் இருந்தது. சம்பளம் போகும் வழியை மாற்றாமல் நடத்தை விதி மட்டும் போட்டால் எவ்வளவு நிற்கும்? நடைமுறையில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் வருத்தமளிப்பது இந்த இடம். நோய் சரியாகவே கண்டுபிடிக்கப்பட்டது, மருந்தும் எழுதப்பட்டது, மூல காரணத்தைத் தொட மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை.

சந்தா கட்ட முடியாதவர்கள்

இதைவிட ஆழமான விஷயம் ஒன்று உண்டு. சந்தா கட்டுகிறவர் யார்? சொந்த நிலமும் கையில் காசும் உள்ளவர். குழுவில் உட்காருபவர் அவர். சிக்கலைச் சொல்பவர் அவர். செயல்விளக்கத் திடல் அமைவதும் அவர் நிலத்தில். பிறர் நிலத்தை விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுபவர் எந்தப் பயிர் போடுவது என்பதைக்கூடத் தானாக முடிவு செய்ய முடியாது, நிலக்காரரும் கடன் கொடுத்த கடைக்காரரும் சொல்வார்கள். அவரை விலக்கிவைக்க விதி எதுவும் தேவைப்படவில்லை. சந்தாவும் நிலமும் சேர்ந்தே அந்த வேலையைச் செய்தன.

தெற்கில் இதோடு நிறவெறி சேர்ந்தது. ஸ்மித்-லீவர் சட்டப்படி எந்த வேளாண் கல்லூரி வழியாகப் பணம் போவது என்பதை மாநிலச் சட்டமன்றம் முடிவு செய்யும். தென்மாநிலங்கள் வெள்ளையர் கல்லூரியையே காட்டின. செனட்டில் வாஷிங்டன் மாநிலத்தின் வெஸ்லி ஜோன்ஸ் கறுப்பினக் கல்லூரிகளுக்குப் பங்கு உறுதிசெய்யத் திருத்தம் கொண்டுவந்தார், அது நிலைக்கவில்லை. 1920 கணக்கெடுப்பில் கறுப்பின உழவர்கள் ஒன்பது லட்சத்துக்கும் மேல். அவர்களுக்கெனப் போட்ட ஏஜென்ட்கள் எண்ணிக்கையில் குறைவு, சம்பளத்தில் குறைவு, எப்போதும் வெள்ளையர் மேற்பார்வையின் கீழ். அவர்கள் தேவாலயங்களையும் பள்ளிகளையும் டஸ்கிகி ஆண்டுதோறும் நடத்திய உழவர் மாநாட்டையும் பிடித்துக்கொண்டு வேலை செய்தார்கள். உள்ளூர்ச் சங்கம் அங்கும் இருந்தது. அரசு அதைத் தன் பங்காளியாக ஏற்கவில்லை, அவ்வளவே.

விளைவு 1930-களில் கண்கூடாகத் தெரிந்தது. 1933-இல் ரூஸ்வெல்ட் அரசு பருத்திப் பரப்பைக் குறைப்பவர்களுக்குப் பணம் கொடுத்தது. திட்டத்தை ஊரில் நடத்த ஏஜென்டும் அவர் அறிந்த உழவர் குழுக்களும்தான் கையிலிருந்த ஆட்கள். பணம் பெரும்பாலும் நிலக்காரர்களிடம் போனது. வாரக் குடிகள் பலர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்குக் கடனும் நிலமும் கொடுக்கப் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் என்று ஓர் அமைப்பை அரசு தனியாக உருவாக்கியபோது, அதை எதிர்ப்பதில் முன்னே நின்றது ஃபார்ம் பியூரோ சம்மேளனம். அப்போதைய தலைவர் எட்வர்ட் ஓ'நீல் அலபாமாவின் பெருநிலக்காரர். 1946-இல் அந்த நிர்வாகம் கலைக்கப்பட்டது. உழவர் கல்விக்காக அரசு தொடங்கிவைத்த சங்கம், ஏழை உழவர்களுக்காக அரசு தொடங்கிய வேலையை முடித்துவைக்க உதவியது.

1954 நவம்பரில் வேளாண் செயலர் எஸ்ரா டாஃப்ட் பென்சன் ஓர் ஆணை போட்டார். துறை ஊழியர்கள் எந்த உழவர் அமைப்பிடமிருந்தும் அலுவலக இடமோ பண உதவியோ இலவசமாகப் பெறக் கூடாது. 1921-இல் தொடாமல் விட்ட சம்பளமும் கட்டடமும் இப்போதுதான் தொடப்பட்டன. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மீதமிருந்த மாநிலங்களும் சட்டத்தை மாற்றி ஏஜென்டைச் சங்கத்திலிருந்து பிரித்தன. ஃபார்ம் பியூரோ அதனால் நொடித்துப்போகவில்லை. அதன் காப்பீட்டுத் தொழிலும் அரசியல் செல்வாக்கும் வலுவாகவே தொடர்ந்தன. விரிவாக்கப் பணியும் நிற்கவில்லை. பிரித்தால் இரண்டும் செத்துவிடும் என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லப்பட்ட பயத்துக்கு ஆதாரம் இருக்கவில்லை.

கறுப்பினக் கல்லூரிகளுக்கு இன்னும் காலம் எடுத்தது. விரிவாக்கத்தில் தனித்தனி ஏஜென்ட், தனித்தனி அலுவலகம் என்ற ஏற்பாடு இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964 குடிமை உரிமைகள் சட்டம் வரை அப்படியே இருந்தது. சட்டம் வந்தபின் இரண்டையும் இணைத்தபோதும் கறுப்பின ஏஜென்ட்கள் பலருக்கு வெள்ளையர் ஏஜென்டுக்குக் கீழான பதவிதான் கிடைத்தது. அந்தக் கல்லூரிகளுக்கு விரிவாக்கப் பணிக்கெனக் கூட்டரசுப் பணத்தைச் சட்டப்படி உறுதிசெய்தது 1977 வேளாண் சட்டம். டஸ்கிகியும் அதில் சேர்க்கப்பட்டது, தாமஸ் கேம்பல் வேலைக்குச் சேர்ந்து 71 ஆண்டுகள் கழித்து.